கன்ரருக்கு இன்டர்கூலர்: 3 அங்குலக் குழாய் தேவையில்லை

கேள்வி:

வணக்கம் அண்ணை. என்னிடம் 4டி34 டேர்போ எஞ்சின் போட்ட மிற்சுபிசி கன்ரர் லொறி நிற்கிறது, டேர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றை எஞ்சினுக்குப் போக முன்னம் குளிரவைக்கும் இன்டர்கூலர் இல்லாதது. அறுவடைக் காலத்தில் துணுக்காய், மல்லாவிப் பக்கத்து நெல்லை ஏற்றி மாங்குளம் வந்து, ஏ9 வழியாக வவுனியா ஆலைகளுக்குப் போடுவேன். மற்ற நாட்களில் கல், மண், சீமெந்து. காலபோகத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை. சிறுபோக அறுவடையில், கச்சான் அடிக்கிற வெயிலில், பாரத்தோடு வேகம் எடுக்கும்போது இழுவை குறைகிறது, கரும்புகை தள்ளுகிறது. டேர்போ மீற்றர் 13 பிஎஸ்ஐ காட்டுகிறது. ஒரு கராஜில் 600க்கு 300க்கு 76 மில்லிமீற்றர் அளவில் இன்டர்கூலர் கோரும், 3 அங்குலக் குழாயும் போட்டால் வாகனம் பறக்கும் என்கிறார்கள். நண்பர் ஒருவர் 2 அங்குலமே போதும், பெரிசு போட்டால் டேர்போ பிந்தித்தான் பிடிக்கும் என்கிறார். எது சரி? எங்கே பூட்டுவது? பூட்டிய பிறகு பம்பில் டீசலைக் கூட்டலாமா?

– வாசகர், மல்லாவி

பதில்:

வணக்கம் தம்பி. முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். டேர்போவில் இருந்து இன்டர்கூலர் வரை 2 அங்குலம், இன்டர்கூலரில் இருந்து எஞ்சின் வரை 2¼ அங்குலம். கோர், அதாவது இன்டர்கூலரின் நடுவில் காற்று குளிரும் வலைப்பகுதி, 450 அகலம், 300 உயரம், 65 மில்லிமீற்றர் தடிப்பு அளவில், ரேடியேற்றருக்கு முன்னால், எஞ்சின் விசிறி இழுக்கும் காற்றுக்குள் நிற்க வேண்டும். 3 அங்குலக் குழாயில் உங்களுக்கு ஒரு இலாபமும் இல்லை. உங்கள் நண்பர் சொன்ன அளவு சரி, சொன்ன காரணம் அவ்வளவு சரியில்லை. டீசல் விசயத்தைக் கடைசியில் பார்ப்போம்.

காசைச் செலவழிக்க முன்னம் ஒன்றைப் பாருங்கள். காலபோக அறுவடை நாளில் வெளிக்காற்று 28 பாகை, சிறுபோகத்தில் 35 பாகை என்று வைத்தால், அந்த 7 பாகையால் மட்டும் எஞ்சினுக்குப் போகும் காற்றின் நிறை 2 வீதத்துக்குச் சற்று மேலேதான் குறையும். அதற்கு இப்படிக் கரும்புகை வராது. கன்ரர் போன்ற, கபின் முன்னால் மடியும் லொறிகளில், காற்று எடுக்கும் குழாய் கபினுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும். கபினை இறக்கும்போது அந்தக் குழாய் ஒரு ரப்பர் மடிப்பு வழியாகக் கீழே உள்ள பில்ட்டர் பெட்டிக் குழாயில் வந்து உட்காரும். அந்த ரப்பர் வெடித்திருந்தாலோ, கபினை மூடும்போது சரியாக உட்காராமல் மடிந்திருந்தாலோ, எஞ்சின் வெளிக்காற்றை விட்டுவிட்டுத் தன் தலைக்கு மேல் உள்ள சூட்டுக் காற்றை இழுக்கும். அது 60 பாகையாக இருந்தால் டேர்போவில் இருந்து வெளியே வரும் காற்று 156 பாகை வரை போகும். காற்றின் நிறை இன்னும் 7, 8 வீதம் குறையும். கூடவே கிறவல் புழுதியும் பில்ட்டரில் ஏறும். அந்த ரப்பர் ஒரு சின்னச் சாமான், பலர் பார்ப்பதே இல்லை.

அதைப் பார்க்கும்போது பில்ட்டரையும் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். நெல் ஏற்றுகிற வயல்கரையில் நிற்கும் வாகனத்துக்கு ஒரு அறுவடைக் காலம் என்பது பில்ட்டருக்கு ஒரு முழு ஆயுள். ஆனால் பில்ட்டரைக் கழற்றிவிட்டு ஓடிப் பார்க்கும் வேலை வேண்டாம், நம் பக்கத்துச் செம்மண் தூசி, டேர்போவில் காற்றை அமுக்கும் கொம்பிறசர் சில்லின் விளிம்பை அரம்போல் தின்றுவிடும். டீசலைத் தெளிக்கும் நோசில்களைப் பம்ப் கடையில் அமுக்கம் வைத்துப் பாருங்கள், வால்வ் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். வருடம் முழுக்க, பாரம் இல்லாமலும் கரும்புகை என்றால் குற்றம் நோசிலில் அல்லது பம்பில். வெயிலிலும் பாரத்திலும் மட்டும் என்றால் காற்றுப் போதவில்லை. 13 பிஎஸ்ஐ, அதாவது 0.9 பார், சீராக ஏறி நிற்கிறது என்றால் டேர்போ நல்ல நிலையில்தான் இருக்கிறது. இவை எல்லாம் சரியாகி, இன்னும் இழுவை போதாவிட்டால் இன்டர்கூலர் பூட்டுவது நியாயமான செலவு.

இனிக் கணக்கு. காற்றை 0.9 பாருக்கு அமுக்கினால், வெளியில் உள்ள 1 பாரோடு சேர்த்து அது வெளி அமுக்கத்தின் 1.9 மடங்கு ஆகிறது. 35 பாகைக் காற்றை 70 வீத வினைத்திறன் உள்ள கொம்பிறசர் அந்த அளவுக்கு அமுக்கும்போது சுமார் 89 பாகை ஏறி, 124 பாகையில் வெளியே விடும். இப்போது உங்கள் எஞ்சின் குடிப்பது அந்தக் காற்றைத்தான். 70 வீதம் வேலை செய்யும் ஒரு இன்டர்கூலர் என்றால், 124க்கும் 35க்கும் உள்ள வித்தியாசத்தில் 70 வீதத்தை எடுத்துவிடும். வெளியே வருவது 62 பாகைக் காற்று. குழாயிலும் கோரிலும் 0.07 பார் அமுக்கம் இழந்தாலும், சிலிண்டருக்குப் போகும் காற்றின் நிறை 14 வீதம் கூடும். இன்டர்கூலரின் பயன் முழுவதும் இந்த 14 வீதத்துக்குள்தான் இருக்கிறது. "பறக்கும்" என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் எஞ்சின் 3.9 லீற்றர். நிமிடத்துக்கு 2800 சுற்றில், சிலிண்டர்கள் 85 வீதம் நிரம்புகின்றன என்று வைத்தால், ஒரு செக்கனில் சுமார் 0.15 கிலோ காற்றை விழுங்கும். வேறு எஞ்சினுக்குப் போட்டுப் பார்க்க விரும்பினால் வழி இதுதான்: லீற்றரை இரண்டால் பிரித்து, சுற்றால் பெருக்கி, 0.85ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று வரும். அதை 60,000ஆல் பிரித்தால் செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் என்று வரும், அதை எஞ்சினுக்குள் போகும் குளிர்ந்த காற்றின் அடர்த்தியால் பெருக்க நிறை கிடைக்கும். 0.9 பாரில் 124 பாகைக் காற்று ஒரு கனமீற்றர் 1.67 கிலோ, 0.07 பார் இழந்த பிறகு 62 பாகையில் 1.9 கிலோ. உங்கள் 0.15 கிலோ, சூடான பக்கத்தில் செக்கனுக்கு 90 லீற்றர் இடத்தை எடுக்கும்.

இந்த 90 லீற்றரைக் குழாய்க்குள் விட்டுப் பார்ப்போம். 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள 2 அங்குலக் குழாயில் உள்விட்டம் 48 மில்லிமீற்றர் அளவில் வரும். அதில் காற்று செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் போகும். 2¼ அங்குலத்தில் 39 மீற்றர், 2½ அங்குலத்தில் 31, 3 அங்குலத்தில் 21. ஓட்டப்பந்தயக் கார் கட்டுபவர்களே 135 மீற்றர் அளவில்தான் எல்லை வைக்கிறார்கள், நீங்கள் அதற்குக் கிட்டவும் இல்லை. அமுக்க இழப்பைப் பாருங்கள். இரண்டரை மீற்றர் நீளம், வழுவழுப்பாக வளைத்த நான்கு முழங்கைகள் என்று வைத்தால் 2 அங்குலக் குழாய் 0.05 பார் அளவில் தின்னும், 2¼ அங்குலம் 0.03, 2½ அங்குலம் 0.02, 3 அங்குலம் 0.01. ஆக 2 அங்குலத்தில் இருந்து 3 அங்குலத்துக்குப் போய் நீங்கள் மிச்சம் பிடிப்பது 0.04 பார், பிஎஸ்ஐ கணக்கில் அரைக்குச் சற்று மேல். உங்கள் மீற்றரின் முள் அதிர்கிற அளவுதான் அது.

குழாயின் அளவைவிட முழங்கை எப்படிச் செய்யப்பட்டது என்பது பெரிய விசயம். குழாயைக் குறுக்கே சாய்வாக வெட்டி இரண்டு துண்டையும் நேர் கோணத்தில் வெல்ட் பண்ணுகிறார்களே, அப்படி ஒரு முழங்கை, மெதுவாக வளைத்த மூன்று முழங்கைகளுக்கு மேல் இழக்கும். 2 அங்குலக் குழாயில் நான்கு முழங்கையும் அப்படி வெட்டி ஒட்டியதாக இருந்தால் இழப்பு 0.05இல் இருந்து 0.12 பாருக்கு ஏறிவிடும். சைலன்சர் கடையில் வளைக்கும்போது உள்வளைவு நசுங்கிச் சுருங்கினாலும் இதே கதைதான். வளைவின் ஆரை குழாய் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். 3 அங்குலத்துக்குக் கொடுக்கவிருந்த காசை நல்ல வளைவுக்குக் கொடுங்கள்.

பெரிய குழாய் போட்டால் டேர்போ பிந்தும் என்ற கதைக்கு வருகிறேன். உண்மை ஓரளவு இருக்கிறது, ஊதிப் பெருப்பித்திருக்கிறார்கள். இரண்டரை மீற்றர் 3 அங்குலக் குழாய் 2 அங்குலத்தைவிட 6 லீற்றர் கூடக் கொள்ளும். அதை 0.9 பாருக்கு நிரப்ப இன்னும் 5½ லீற்றர் வெளிக்காற்று வேண்டும். உங்கள் எஞ்சின் 1500 சுற்றில் செக்கனுக்கு 41 லீற்றர் இழுக்கிறது. எனவே இது எட்டில் ஒரு பங்கு செக்கனுக்கான காற்று. நடைமுறையில் சற்றுக் கூடினாலும் பார லொறியில் கால் வைக்கிறவருக்குத் தெரியாது. இன்டர்கூலர் பூட்டிய பிறகு டேர்போ பிந்துகிறது என்று வருகிற வாகனங்களில் முதலில் தேட வேண்டியது ஒழுக்கை.

ஒழுக்குக்குப் பயந்துதான் நான் 3 அங்குலத்தை வேண்டாம் என்கிறேன். குழாயின் வாயில் ஹோஸ் மாட்டியிருக்கும் இடத்தை அமுக்கம் பிரித்துத் தள்ளப் பார்க்கும். 0.9 பாரில் 2 அங்குலக் குழாயை அது 19 கிலோ பாரத்தால் தள்ளும், 3 அங்குலக் குழாயை 42 கிலோவால். மல்லாவியில் இருந்து மாங்குளம் வரை ஆடி ஆடி வரும் வாகனத்தில் எந்தக் கிளிப் முதலில் கழரும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். 2 அங்குலமுள்ள டேர்போ வாயில் 3 அங்குலக் குழாயைச் சேர்ப்பதற்கு இடையில் கூம்பும் போட வேண்டும். கூம்பு குட்டையாக இருந்தால் காற்று அங்கேயே சுழன்று, பெரிய குழாயால் மிச்சம் பிடித்த அமுக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். டேர்போவின் வாயையும் எஞ்சினின் காற்றுப் பாதை வாயையும் அளந்துவிட்டுக் குழாய் வாங்குங்கள். அவை இரண்டு அங்குலத்துக்கு அருகில் இருந்தால் நான் சொன்ன அளவு அப்படியே பொருந்தும்.

கோர். உள்ளே காற்றுப் போகும் பாதையின் மொத்தக் குறுக்குப் பரப்பு குழாயின் பரப்பை விடக் குறைந்தது ஒன்றரை மடங்கு வேண்டும், இல்லாவிட்டால் கோர்தான் நெரிசல். கணக்கு லேசு. காற்றுப் போகும் தட்டைக் குழாய்களை எண்ணுங்கள். ஒன்றின் உள் உயரத்தையும் ஆழத்தையும் பெருக்கி, எண்ணிக்கையால் பெருக்குங்கள். உள்ளே இருக்கும் மடிப்புத் தகட்டுக்காக அதில் பாதியைக் கழித்துவிடுங்கள். 300 மில்லிமீற்றர் உயரத்தில் 16 குழாய், ஒவ்வொன்றும் 6க்கு 60 மில்லிமீற்றர் என்றால் 57 சதுர சென்ரிமீற்றர், பாதி 28. உங்கள் 2 அங்குலக் குழாய்க்கு 18. போதும்.

தடிப்புக்கு ஆசைப்பட வேண்டாம். வெளிக்காற்று கோரின் முன்பக்கத்தில் நுழைந்து போகப் போகச் சூடாகும். பின்பக்கத்துச் சென்ரிமீற்றர்கள் சூடான காற்றோடுதான் வேலை செய்கின்றன. ஆனால் காற்றை மறிப்பதில் அவை ஒரு குறையும் வைப்பதில்லை. 65 போதும், 50 கிடைத்தால் அதுவும் நல்லது. முன்பரப்புத்தான் முக்கியம். அதற்காக 600 மில்லிமீற்றர் கோர் என்று ஓடவும் வேண்டாம். கடைக்காரர் சொல்லும் 600 கோருக்கு மட்டும். பக்கத் தொட்டிகளோடு 780, 800 வரை வரும். உங்கள் ரேடியேற்றரின் அகலத்தையும் சட்டங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியையும் அளந்து பார்த்தால் அது எங்கே இடிக்கும் என்று தெரியும். ரேடியேற்றரைத் தாண்டி நிற்கும் பகுதிக்கு விசிறியின் இழுப்பு எட்டாது. 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காருக்கு அந்தப் பகுதியும் வேலை செய்யும். 50 மூடையோடு 30இல் ஊரும் லொறிக்கு அது வெறும் பாரம்.

இடம் பற்றிய கேள்விக்கும் இதுதான் பதில். உங்கள் வாகனம் அதிக வேலை செய்கிற நேரம் அதன் வேகம் குறைந்த நேரம். அப்போது காற்றைக் கொண்டு வருவது எஞ்சின் விசிறி மட்டுமே. எனவே கோர் விசிறிக்கு முன்னால், ரேடியேற்றருக்கு நேரே நிற்க வேண்டும். எஞ்சினுக்கு மேலே கபினுக்கு அடியில் பூட்டினால் சூட்டுக் காற்றால் குளிரவைக்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். சட்டத்தின் பக்கவாட்டில் மின்விசிறியோடு பூட்டுகிறவர்கள் உண்டு. மாரியில் வாய்க்கால் கடக்கும் பாதையில் சேறும் கல்லும் அதைத்தான் முதலில் தேடி வரும். வேறு வழியே இல்லாமல் அங்கே பூட்டுவதென்றால் விசிறியின் வோல்ற்றைப் பார்த்து வாங்குங்கள், 24 வோல்ற் வாகனத்தில் 12 வோல்ற் கார் விசிறி ஒரு நாள் நிற்காது.

ரேடியேற்றருக்கு முன்னால் பூட்டுவதில் ஒரு விலை உண்டு. நீங்கள் காற்றில் இருந்து எடுக்கிற சூடு 9 கிலோவாற்றுக்குச் சற்று மேல். ரேடியேற்றர் வழியே செக்கனுக்கு ஒரு கிலோ வெளிக்காற்று போகிறது என்றால் அது 9 பாகை சூடாகித்தான் ரேடியேற்றரை அடையும். ரேடியேற்றர் ஏற்கனவே பாதி அடைபட்டிருந்தால் இன்டர்கூலர் பூட்டிய முதல் சிறுபோகத்திலேயே தண்ணீர் கொதிக்கும், குற்றம் இன்டர்கூலர் மேல் விழும். ஆகவே முதலில் ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். விசிறியின் நடுவில் சிலிக்கன் எண்ணெய்க் கிளச் இருந்தால், சூடான எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், தாராளமாகச் சுற்றினால் அது போய்விட்டது. விசிறியைச் சுற்றி உள்ள கவசம் உடையாமல் இருக்க வேண்டும். இன்டர்கூலருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் 20, 25 மில்லிமீற்றர் விட்டு, நான்கு ஓரத்தையும் ரப்பர்ப் பட்டியால் அடையுங்கள். அடைக்காவிட்டால் காற்று லேசான வழியைப் பார்த்து ஓரத்தால் போய்விடும்.

நெருக்கமான ஃபின் (சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுக்கும் மெல்லிய தகடு) உள்ள கோர் கடையில் பார்க்க வடிவாக இருக்கும். நெல் ஏற்றுகிறவருக்கு அது சரிவராது. சூடடிக்கிற வயலில் பறக்கும் சப்பியும் கூளமும் அதன் முகத்தில் ஒட்டி, இரண்டு நாளில் பாயாகிவிடும். அங்குலத்துக்கு 10 முதல் 12 ஃபின் உள்ளதைத் தேடுங்கள். கழுவும்போது பின்பக்கத்தில் இருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடுங்கள். வாகனம் கழுவும் அமுக்க மெசினைக் கிட்டப் பிடித்தால் ஃபின் மடிந்து, அழுக்குக்குப் பதிலாக அலுமினியமே அடைத்துக்கொள்ளும். இரண்டு போல்ற்றைத் தளர்த்தி முன்னால் சாய்க்கக்கூடியதாகப் பூட்டினால் நடுவில் சேரும் குப்பையையும் எடுக்கலாம். கல்லுக்குப் பயந்து முன்னால் வலை போடுவதென்றால் கண் 10 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது.

புதுச் சீனச் சாமானா, பாவித்த யப்பான் சாமானா என்று கேட்டால், இன்டர்கூலரோடே வந்த, 4 முதல் 5 லீற்றர் எஞ்சின் உள்ள லொறியில் இருந்து கழற்றிய கோர்தான் என் தெரிவு. அளவு உங்களுக்குப் பொருந்துவதாகவே இருக்கும், ஃபின்னும் லொறிக்கென்றே வைத்தது. ஆனால் பாவித்த கோருக்குள் பழைய டேர்போவின் எண்ணெயும், அந்த டேர்போ உடைந்திருந்தால் அதன் உலோகத் துகளும் இருக்கலாம். மண்ணெண்ணெய் ஊற்றி ஆட்டி, இரு பக்கமும் மாறி மாறி வடித்து, வருவது தெளியும் வரை செய்யுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு வெயிலில் முழுதாகக் காய விடுங்கள். இதில் அவசரம் கூடாது. கோருக்குள் மிஞ்சிய மண்ணெண்ணெயோ எண்ணெயோ டீசல் எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் அதையே எரித்துத் தானாகச் சுற்றுக் கூட்டும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

ஒழுக்குப் பார்ப்பது இப்படி: ஒரு வாயை மூடிக் கிளிப் போட்டு, மற்ற வாயில் ரயர் வால்வ் பதித்த மூடியை மாட்டி, மூடிகள் தெறிக்காதபடி கம்பியால் கட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி 1.2 பார் மட்டும் ஏற்றுங்கள். ரயர் கடைக் கொம்பிறசரில் 8 பார் நிற்கும், அமுக்கம் குறைக்கும் கருவி இல்லாமல் அதைக் கிட்டவும் கொண்டு போக வேண்டாம். தெறிக்கும் மூடி பல்லை எடுத்துவிடும். மூடிக்கு நேரே ஒருவரும் நிற்கக் கூடாது.

குழாய் இரும்பிலும் போடலாம், அலுமினியத்திலும் போடலாம். இரும்பு என்றால் வெல்ட் பண்ணிய பிறகு உள்ளே உள்ள கசட்டைச் சுரண்டி ஊதி எடுக்க வேண்டும், அது உடைந்து வால்வுக்குப் போகும். கிணற்றுக்குப் போடும் பிவிசி குழாயை வளைத்துப் பூட்டியும் ஓடுகிறார்கள். 80 பாகைக்கு முன்னமே அது இளகத் தொடங்கும், உங்கள் சூடான பக்கம் 124. ஒவ்வொரு குழாய் முனையிலும் 2 மில்லிமீற்றர் உயரத்துக்கு வரம்பு எடுக்கச் சொல்லுங்கள், ஹோஸ் கழராமல் பிடிப்பது அந்த வரம்புதான். ரேடியேற்றர் ஹோஸ் வேண்டாம், டேர்போவில் இருந்து வரும் எண்ணெய்ப் புகை அந்த ரப்பரை ஊதி மெதுவாக்கிவிடும். நான்கு அடுக்குச் சிலிக்கன் ஹோஸ், சூடான பக்கத்துக்கு எண்ணெய் தாங்கும் உட்பூச்சோடு. ஹோஸ் குழாய் மேல் 35 மில்லிமீற்றர் ஏற வேண்டும், உள்ளே இரு குழாய் முனைக்கும் நடுவில் 5 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி போதும். திருகிப் பூட்டும் சாதாரணக் கிளிப் சிலிக்கனுக்குள் வெட்டி இறங்கும். அகலப் பட்டியும் போல்ற்றும் உள்ள கிளிப்பைப் போடுங்கள். நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள்.

எஞ்சின் ரப்பர் கால்களில் ஆடும், கோரோ சட்டத்தில் அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு பக்கமும் நடுவில் புடைத்து, வளைந்து கொடுக்கும் ஒரு ஹோஸாவது வேண்டும். நேரான இரும்புக் குழாயால் இழுத்துக் கட்டினால் கோரின் தொட்டி வெல்டில்தான் வெடிக்கும். குழாயைத் தாங்கும் பிடி ஒன்றும் கபினில் இருக்கக் கூடாது, எல்லாம் எஞ்சினில் அல்லது சட்டத்தில். வேலை முடிய முன்னம் கபினை முழுதாக மடித்து இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெல்டரை அனுப்ப வேண்டும். இதைச் சொல்லக் காரணம், கபின் மடியாதபடி குழாய் போட்ட கன்ரரில் நோசில் கழற்றவே குழாயை வெட்ட வேண்டியிருக்கும்.

பூட்டும்போது சின்னக் குழாய்கள் மாறிப் போகாமல் கவனியுங்கள். டீசல் பம்பின் பின்னால் அல்லது மேலே உள்ள, டேர்போ அமுக்கத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் டயபிரத்துக்குப் போகும் மெல்லிய குழாய் எஞ்சினின் காற்றுக் கூட்டில் இருந்தே எடுக்கப்பட வேண்டும், அதுதான் சிலிண்டருக்கு உண்மையில் கிடைக்கும் அமுக்கம். டேர்போவில் அமுக்கம் மிஞ்சாமல் திறந்துவிடும் வேஸ்ற்கேற் இருந்தால் அதன் குழாய் பழையபடி கொம்பிறசர் வாயிலேயே இருக்கட்டும்.

கோருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சின்ன நிப்பிள் பதித்துவிடுங்கள். அதே மீற்றரை மாற்றி மாற்றி மாட்டி, முழுப் பாரத்தில், அதே பாதையில், அதே கியரில் இரண்டு முறை ஓடிப் பாருங்கள். வித்தியாசம் 0.1 பாருக்குள் இருந்தால் நல்ல வேலை. 0.14, அதாவது 2 பிஎஸ்ஐக்கு மேல் என்றால் கோர் அடைத்திருக்கிறது அல்லது ஒரு முழங்கை நசுங்கியிருக்கிறது. பூட்டிய பிறகு எஞ்சின் பக்கத்து மீற்றர் முன்னையைவிட ஒரு பிஎஸ்ஐ குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம், காற்று குளிர்ந்து சுருங்கியிருக்கிறது, நிறை கூடித்தான் இருக்கும். குளிர்ந்த பக்கத்துக் காற்றின் வெப்பத்தையும் வெப்பம் அளக்கும் ஒரு கம்பி (வெப்பக் கம்பி) விட்டு அளந்தால் நல்லது. வெளிவெயிலை விட 30 பாகைக்குள் நின்றால் கோர் தன் வேலையைச் செய்கிறது.

கடைசியாக டீசல். கரும்புகை என்பது இருக்கிற காற்றுக்கு மிஞ்சிய டீசல். உங்கள் பம்ப் ஏற்கனவே எரிக்க முடியாத அளவு டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இன்டர்கூலர் கொண்டு வரும் 14 வீதக் காற்று முதலில் அந்த மிச்ச டீசலை எரிக்கட்டும். பம்பில் கை வைக்காமல் ஒரு அறுவடை முழுக்க ஓடுங்கள். இழுவை அப்போதே கூடும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் தலையிடி குறையும். அதற்குப் பிறகும் கூட்ட விரும்பினால், டேர்போவுக்கு முன்னால் புகைக் கூட்டில் வெப்பக் கம்பி பதித்து, புகையின் சூட்டைக் காட்டும் பைரோமீற்றர் ஒன்று பூட்டிய பிறகுதான் கூட்ட வேண்டும். தொடர்ந்து இழுக்கும்போது 650 பாகைக்குள் வைத்திருங்கள், 700ஐத் தொட்டால் காலை எடுத்து ஒரு கியர் இறங்குங்கள். அலுமினியப் பிஸ்ரனும் டேர்போவும் அதற்கு மேல் நீண்ட நேரம் தாங்காது. பம்பை வீதியில் நின்று ஸ்குரூ திருப்பாமல், கழற்றிப் பம்ப் கடையின் மேசையில் வைத்து நாலு சிலிண்டருக்கும் ஒரே அளவாகக் கூட்டச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் கூடக் குடித்தால் பைரோமீற்றர் சராசரியைத்தான் காட்டும், உருகுவது அந்த ஒரு பிஸ்ரன்.